நாற்பது போட்டு மூடிய புகார்கள்

எங்கள் கம்பெனி லிஃப்ட் செய்வதில்லை. யாரோ செய்து மாட்டிவிட்டுப் போன லிஃப்டுகளைப் பராமரிப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. அதை நம்பித்தான் ஊரில் ஆயிரத்து நானூறு கட்டடங்களில் ஜனங்கள் தினமும் அந்தப் பெட்டிக்குள் ஏறி நின்று கதவு மூடுவதற்குக் காத்திருக்கிறார்கள். உள்ளே நடப்பது தெரிந்தவன் நான். எட்டு மாடியானாலும் படியேறித்தான் போவேன்.

நான் ஸ்டோர்காரன். உருளை, பெல்ட், பொத்தான், கதவு சென்சார் என்று உதிரிபாகங்களை எடுத்துக் கொடுத்துச் சீட்டில் கையெழுத்து வாங்குவது என் வேலை. ஸ்டோருக்கும் புகார்ப் பிரிவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புதான். அந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த ஒருவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் டிக்கெட் அக்கா. புகாருக்கு எங்கள் பாஷையில் டிக்கெட் என்று பெயர். வாடிக்கையாளர் போன் செய்தால் டிக்கெட்டைத் திறப்பார். வேலை முடிந்தது என்று மெக்கானிக் போனில் சொன்னால் கம்ப்யூட்டரில் அடித்து மூடுவார். இந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில் ஊரிலுள்ள வசவெல்லாம் அவர் காதில்தான் விழும்.

"மாட்டிக்கிட்டவங்க திட்டத்தான் தம்பி செய்வாங்க. பெட்டியையா திட்ட முடியும்? என்னைத்தான் திட்டணும்" என்பார். சொல்லிவிட்டு ஃபிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டு அடுத்த போனை எடுப்பார்.

கணக்கு டீச்சராக வேண்டும் என்று படித்தவர். கல்யாணமானதும் வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் இங்கே இருக்கலாம் என்று வந்தார். புருஷன் ஏற்கெனவே எங்களிடம் மெக்கானிக். பெண் பிறந்தாள், வளர்ந்தாள், இப்போது ஐந்தாவது படிக்கிறாள். அந்த ஆறு மாதம் மட்டும் இன்னும் முடியவில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கணக்கு மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் வருஷத்துக்கு எத்தனை முறை நின்றது என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்வார்.

புருஷனுக்குப் பட்டப்பெயர் சென்ட். வேலைக்குக் கிளம்பும்போது உடம்பெல்லாம் அடித்துக்கொள்வார். லிஃப்ட் ஓடுமோ ஓடாதோ, அவர் போய்விட்டு வந்தால் ரெண்டு நாள் மணக்கும். ஆள் பேச்சில் கெட்டிக்காரர், மேனேஜருக்குச் செல்லப்பிள்ளை. இன்னொரு மெக்கானிக்குக்கு ஆமை என்று பெயர். ஐம்பது வயது, மெதுவான கை. ஒரு கதவைச் சரிசெய்யப் போனால் எல்லா மாடிக் கதவையும் பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். இந்த மூன்று பேரையும் வைத்துத்தான் கதை.

இனி நாற்பது. இதைப் புரியவைக்காமல் மேலே போக முடியாது. அரை மணி நேரத்துக்குள் முடிந்த வேலையைக் கம்பெனி ஒரு வேலையாகவே கணக்கில் எடுக்காது. முக்கால் மணியைத் தாண்டினால் ஏன் தாமதம் என்று மெக்கானிக் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே இரண்டுக்கும் நடுவில் சௌகரியமான ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். வாசல்வரை போய்விட்டு வந்தாலும் நாற்பது நிமிடம். டீக்கடையிலிருந்தே போன் செய்தாலும் நாற்பது நிமிடம். "அக்கா, நாப்பது போட்டுடுங்க" என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம். உண்மையாகவே வேலை செய்தவன் முப்பத்தேழு என்பான், ஐம்பத்திரண்டு என்பான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டிக்கெட் அக்காவும் பதினோரு வருஷம் ஒரு கேள்வி கேட்காமல் நாற்பது அடித்தவர்தான். அதை மறைத்துவிட்டு அவரை உயர்த்திப் பேச எனக்கு இஷ்டமில்லை.

போன வருஷம் மேனேஜர் எங்களையெல்லாம் கூட்டி வைத்து, கம்பெனிக்குச் செயற்கை அறிவு வரப்போகிறது என்று அறிவித்தார். இயற்கையாக இருந்திருந்தால் எதற்குச் செயற்கை என்று என் வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். இனிமேல் புகாரை இயந்திரமே எடுக்குமாம். எந்த லிஃப்ட் எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே சொல்லுமாம். எந்த மெக்கானிக்கை எங்கே அனுப்புவது என்றும் அதுவே முடிவு செய்யுமாம். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மெக்கானிக்குகளை அது வரிசைப்படுத்தும் என்றும், கடைசியில் வருகிறவருக்கு வருஷ முடிவில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்றும் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். கடைசியில் வரப்போகிறவனும் தட்டினான், அதுதான் கொடுமை.

இதற்காகப் பதினோரு வருஷ டிக்கெட்டுகளைச் சுத்தம் செய்ய வெளியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் லேப்டாப் மேடம் என்று கூப்பிட்டோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆபீஸில் சரியான கேள்வி கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"இயந்திரம் நாம குடுக்கறதத்தான் படிக்கும். பொய்யக் குடுத்தா பொய்யையும் நல்லாப் படிச்சுக்கும். அதனால எந்தப் பத்தியில என்ன இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியணும்" என்று டிக்கெட் அக்காவிடம் சொன்னார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் அவரிடம் அர்த்தம் கேட்ட முதல் ஆள்.

ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் டிக்கெட். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கடை தூர்வாருகிற மாதிரி வாரினார்கள். ஒரே கட்டடம் நாலு பெயரில் இருந்தது. அக்கா லீவில் இருந்த நாட்களில், போன் நம்பர் கேட்கச் சோம்பல்பட்டவர்கள் பத்து ஒன்பதை அடித்து வைத்திருந்தார்கள். இடித்து மூன்று வருஷமான கட்டடத்தில் மாதாமாதம் பராமரிப்பு நடந்திருந்தது. குறிப்பு எழுதுகிற பத்தி இன்னும் மோசம். 'கிழம் கத்துது, மெதுவா போ.' 'பொம்பளை தனியா இருக்கு, நானே போறேன்.' மெக்கானிக்குகள் செல்போனிலிருந்து நேராக அந்தப் பத்தியில் தங்களுக்குள் எழுதிக்கொண்டது. ஒருநாள் அக்கா எழுந்து போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். தொட்டது வெறும் கீபோர்டைத்தான்.

"என்னக்கா?" என்றேன்.

"படிக்கப் படிக்கக் குமட்டுது தம்பி. இவனுங்களுக்கெல்லாம் தினமும் காலையில வணக்கம் வேற சொல்றேன்."

மூன்றாவது வாரம் லேப்டாப் மேடம் எல்லோர் முன்னிலையிலும் மேனேஜரிடம் கேட்டுவிட்டார். "சார், எழுபத்தோராயிரம் டிக்கெட்ல வேலை நேரம் சரியா நாப்பது நிமிஷம். ஏன் சார்?"

மேனேஜர் கண்ணே சிமிட்டவில்லை. "எங்க ஆளுங்க அவ்வளவு ஒரே சீரா வேலை செய்றாங்க மேடம். பயிற்சி அப்படி" என்றார். சென்ட் தலையைத் தாழ்த்திக்கொண்டு அடக்கமாகப் புன்னகை செய்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். மேனேஜர் அதோடு நிறுத்தவில்லை. "அரை மணிக்குக் கீழ இருக்கறது, ஒன்றரை மணிக்கு மேல இருக்கறது, அதெல்லாம்தான் தப்பா அடிச்சது. அதத் தூக்கிடுங்க. மெஷினுக்குச் சுத்தமா போகட்டும்" என்றார்.

சொன்னபடியே தூக்கினார்கள். தூக்கியதில் பாதிக்கு மேல் ஆமையின் வேலை. நூற்றுப் பத்து நிமிடம், இருநூறு நிமிடம், பன்னிரண்டு நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்து எப்போதும் உள்ளது உள்ளபடி சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதற்காகத் தாமதக் கடிதமும் எழுதி எழுதித் தேய்ந்தவர். பொய்யெல்லாம் சுத்தமான தகவலாக உள்ளே இருந்தது. உண்மை குப்பையாக வெளியே போயிற்று. இதைப் பார்த்த பிறகும் எனக்குச் சோறு இறங்கியது என்பதை நினைத்தால் என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

சோதனை ஓட்டத்தில் இயந்திரம் ஒரு பட்டியலைத் துப்பியது. முதலிடம் சென்ட். கடைசி இடம் ஆமை. காரணமும் அச்சாகியிருந்தது: முடித்த வேலைகள் குறைவு, சராசரி நேரம் அதிகம். பட்டியல் இன்னும் உறுதியாகவில்லை, தகவல் சரி என்று புகார்ப் பிரிவு கையெழுத்துப் போட்டபின்தான் செல்லும் என்று லேப்டாப் மேடம் சொன்னார். ஆக, ஆமையின் பிழைப்பு டிக்கெட் அக்காவின் பேனாவில் வந்து நின்றது.

அன்று மாலை அக்கா தூக்கிப்போட்ட டிக்கெட்டுகளைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் ஒன்றில் நின்றுவிட்டார். நாலாவது மாடியில் நடக்க முடியாத கணவரோடு இருக்கும் ஒரு அம்மாவின் புகார். வாரம் இருமுறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். லிஃப்ட் நின்று நின்று போனது. ஒரே மாதத்தில் ஒன்பது முறை போன். ஒன்பது முறையும் போனவர் சென்ட். ஒன்பதுக்கும் நாற்பது. பத்தாவது முறை ஆமை போனார், மேலே லிஃப்ட் மோட்டார் இருக்கும் மெஷின் ரூமுக்கு ஏறினார், பிரேக் பட்டை தேய்ந்திருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினார். நூற்றுத் தொண்ணூறு நிமிடம். இப்போது இயந்திரத்துக்குப் போகிற தகவலில் ஒன்பது வெற்றிகள் இருந்தன. பத்தாவது இல்லவே இல்லை.

"அந்த அம்மா பத்தாவது தடவைக்கு அப்புறம் போன் பண்ணாங்க தம்பி" என்றார் அக்கா. "லிஃப்ட் ஓடுது, ரொம்ப நன்றின்னாங்க. அத எங்க அடிக்கறதுன்னு தெரியாம வச்சுட்டேன். நன்றிக்குப் பத்தியே இல்ல. அதுக்கு முன்னாடி ஒன்பது தடவை, நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போறோம்மான்னு என்கிட்டதான் அழுதாங்க. நான் என்ன பண்ணேன்? எங்க வீட்டுக்காரரு போன் பண்ணதும் நாப்பது போட்டு மூடினேன்."

மறுநாள் காலையில் ஸ்டோருக்கு வந்து, வீட்டில் நடந்ததையும் சொன்னார். புருஷனைச் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வைத்துக் கேட்டிருக்கிறார்.

"ஒன்பது தடவை போனீங்களே, ஒரு தடவையாவது மேல ஏறிப் பாத்தீங்களா?"

"மெஷின் ரூமுக்கு ஏணி இல்லடி."

"அவரு மட்டும் எப்படி ஏறினாரு?"

"அவனுக்கு வேற வேலையில்ல. ஏணிய வாடகைக்கு எடுத்துட்டு வந்தானாம், பைத்தியக்காரன்." சிரித்தாராம். பிறகு குரல் மாறியதாம். "ஏன், போட்டது யாரு? உன் கைதானே? பதினோரு வருஷமா இல்லாத யோக்கியம் இப்ப எங்கிருந்து வந்துச்சு?"

"அதான் எனக்கும் குமட்டுது. உங்களப் பாத்து மட்டும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாராம். "வீடு முழுக்க அந்தச் சென்ட் வாடை தம்பி. ஜன்னல எல்லாம் தொறந்து வச்சேன், போகல" என்றார். சொல்லும்போது அழவில்லை. கோபம்தான்.

ஒவ்வொரு பத்திக்கும் என்ன அர்த்தம் என்று எழுதித் தர வேண்டிய விளக்கத் தாள் அவரிடம்தான் இருந்தது. அன்று முழுக்க அதை எழுதினார். 'வேலை நேரம்' என்ற இடத்தில் அவர் எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன். 'பழுது நீக்க மெக்கானிக் எடுத்துக்கொண்ட நிமிடங்கள். நாற்பது என்று இருந்தால் பெரும்பாலும் பழுது நீக்கப்படவில்லை. மெக்கானிக் சும்மா போய்வந்தார், அல்லது போகவே இல்லை. இது தெரிந்தே இதை அடித்தது நான்.'

மேனேஜர் படித்தார். அவர் அறைக்கு அக்காவையும், சாட்சிக்கோ என்னவோ என்னையும் கூப்பிட்டார். லேப்டாப் மேடம் அன்று வரவில்லை, வராத நாளாகப் பார்த்துத்தான் கூப்பிட்டார்.

"கடைசி மூணு வரிய எடுத்துடுங்க மேடம்."

"முதல் வரி மட்டும் நின்னா அது பொய் சார்."

"பொய்யா? உங்க வீட்டுக்காரர் முதலிடத்துல இருக்காரு. ஞாபகம் இருக்கட்டும்."

"ஞாபகம் இருக்கறதாலதான் சார் எழுதினேன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆதாரம் இருக்கா? வாயால சொன்னா ஆச்சா?"

அக்கா என் பக்கம் கையைக் காட்டினார். "ஸ்டோர் சீட்டு இருக்கு சார். நாப்பது போட்ட டிக்கெட்டுக்கு ஒரு ஸ்க்ரூகூட வெளிய போயிருக்காது. தம்பி எல்லாத்தையும் வருஷ வாரியாக் கட்டி வச்சிருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா தெரிஞ்சிடும்."

நூற்றுக்கு நூறு உண்மை. சீட்டெல்லாம் என் மேஜைக்குப் பின்னால் இரும்பு அலமாரியில் கயிறு கட்டி இருந்தன. மேனேஜர் என்னைப் பார்த்தார். அதிகம் ஒன்றும் இல்லை, புருவத்தைக் கொஞ்சம் தூக்கினார், அவ்வளவுதான்.

"பழைய சீட்டெல்லாம் எங்க கிடக்குன்னு தேடணும் சார்" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். குறிப்புப் பத்தியைப் படிக்கும்போது முகம் எப்படி இருந்ததோ அதே முகம். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்தார். "என் கையெழுத்து இல்ல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மறுநாள் ராஜினாமாக் கடிதம் மட்டும் வந்தது.

இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் பில் போடுகிறாராம். புருஷனோடு ஒரே வீட்டில்தான் இருக்கிறார், பேச்சு மட்டும் பெண் வழியாகப் போய் வருகிறதாம். தெருவில் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தம்மா இடத்துக்கு ஒரு ஆள் வேணும். நீ பழைய ஆள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏசியும் இருக்கு" என்றார். தாளை நகர்த்தினார். அதில் அக்காவின் மூன்று வரிகள் இல்லை. கீழே பெயர் போட இடம் கிடையாது. 'தகவல் பொறுப்பாளர், புகார்ப் பிரிவு' என்று அச்சடித்த ஒரு வரியும் அதன்மேல் ஒரு கோடும் மட்டும்தான். வீட்டில் கஷ்டம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றெல்லாம் சப்பைக்கட்டு கட்டலாம். அப்படி ஒன்றும் இல்லை. போட்டேன்.

லேப்டாப் மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டி மறுபடி பார்த்தார். "ஸ்டோர் சீட்டோட சரிபாத்துட்டுத்தானே போட்டீங்க?" என்று கேட்டார்.

"ஆமா மேடம்."

அவர் தாளை நாலாக மடித்தார். பிறகு பையில் வைத்துக்கொண்டு போனார்.

பட்டியல் உறுதியாயிற்று. வருஷக் கடைசியில் ஆமை தன் கருவிப் பையை ஒப்படைக்க ஸ்டோருக்கு வந்தார். புது ஆள் வரும்வரை ஸ்டோரையும் நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பானர், டெஸ்டர், விளக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வைத்தார். எல்லாவற்றையும் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் பட்டியலைப் பார்த்து டிக் அடித்தேன். ஒன்றும் குறையவில்லை.

"கோவமில்ல ஸ்டோர்காரரே" என்றார். "ஒண்ணே ஒண்ணுதான் மனசுல இருக்கு. புகார்ப் பிரிவுதான் கையெழுத்துப் போட்டுச்சுன்னு தாளைக் காட்டினாங்க. வேலைய விட்டுப் போறதுக்கு முன்னாடி டிக்கெட் அக்கா இப்படிப் போட்டுட்டுப் போவாங்கன்னு நான் எதிர்பாக்கல. ஒருநாளும் அவங்ககிட்ட பொய்யா ஒரு நிமிஷம்கூடச் சொன்னதில்ல."

என் கையில் பேனா இருந்தது. ரசீதில் தேதியை எழுதினேன். பிறகு அவரே எனக்கு உதவுகிற மாதிரி, "சரி, அவங்களும் என்ன செய்வாங்க? வீட்டுக்காரரை விட்டுக் குடுக்க முடியுமா?" என்றார்.

"ஆமா, முடியுமா" என்று சொல்லிவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.